கம்பி விட்டுக்கொண்டே காலம் தள்ள வேண்டுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 36. கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 2017-இல் பைக்கில் தடுமாறியபோது பெட்ரோல் டேங்கில் மோதிக் கவட்டையில் பலமாக அடிபட்டது. சிறிது ரத்தம் வந்து நின்றுவிட்டது. ஒரு வருடம் கழித்துச் சிறுநீர் நூல் போல வரத் தொடங்கியது. முதலில் புராஸ்டேட்டுக்கான மாத்திரை கொடுத்தார்கள். பிறகு சிறுநீர்ப் பாதையில் அடைப்பு என்று பலமுறை கம்பி விட்டார்கள். இரண்டு தடவை லேசர் வைத்தும் திறந்துவிட்டார்கள். சில மாதங்கள் நன்றாக இருக்கும், மறுபடியும் பழையபடி ஆகிவிடும். இப்போது நானே வீட்டில் டியூப் விட்டுக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க இப்படித்தான் என்கிறார்கள். வாய்க்குள்ளிருந்து சதை எடுத்து வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்று இன்னொரு டாக்டர் சொன்னார். அப்படிச் செய்தால் ஆண்மை போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. ஷிஃப்ட் நேரத்தில் கழிப்பறையில் வெகுநேரம் நிற்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளும் அவசரநிலை வந்தால் தவிர, இன்னொரு முறை கம்பி விடுவதற்கோ லேசருக்கோ இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் சிறுநீர்ப் பாதையில் சுருக்கம் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்பதைச் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்த பிறகு, சிறுநீர்ப் பாதைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்துவரும் ஒரு சிறுநீரகவியல் அறுவைச் சிகிச்சை நிபுணரைச் சந்தியுங்கள். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரலாறு, எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று. இதற்கு நிரந்தரத் தீர்வு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஆண்களின் சிறுநீர்ப் பாதை, சிறுநீர்ப்பையின் கழுத்தில் தொடங்கி, புராஸ்டேட் சுரப்பியின் நடுவே இறங்கி, கவட்டைப் பகுதியில் வளைந்து, ஆணுறுப்பின் நுனியில் முடிகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு இது சுமார் 4 சென்டிமீட்டர்தான், அதனால் அவர்களுக்கு இந்த நோய் அரிது. விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால் உள்ள வளைவுப் பகுதியில் பாதை இடுப்பெலும்பின் முன் வளைவுக்கு நேர் கீழே செல்கிறது. பைக் டேங்க், சைக்கிள் பார், ஏணிப்படி, மதில் விளிம்பு என்று எதன் மீதாவது கவட்டை மோதும்போது, கீழிருந்து வரும் இடிக்கும் மேலே உள்ள எலும்புக்கும் நடுவில் சிக்கி இந்தப் பகுதி நசுங்குகிறது. அன்று வந்த ரத்தம் அதன் அடையாளம். ரத்தம் நின்றுவிட்டதும் காயம் ஆறிவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது தழும்பாக ஆறிக்கொண்டிருக்கும்.

பாதையின் உட்பூச்சு மெல்லிய சவ்வு. அதைச் சுற்றி ரத்தம் நிறைந்த பஞ்சு போன்ற திசு இருக்கிறது. நசுங்கிய இடத்தில் அந்தப் பஞ்சுத் திசு நாராக மாறி, தீக்காயம் பட்ட முழங்கை மடிப்பில் தோல் இறுகி இழுத்துக்கொள்வதைப் போல, மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குகிறது. பாதை கணிசமாகக் குறுகும்வரை சிறுநீர்ப்பை தன் தசையை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டிச் சமாளித்துவிடும் என்பதால், நோயாளிக்கு விஷயம் தாமதமாகத்தான் தெரியவருகிறது. அடிபட்டு ஓராண்டு கழித்து உங்களுக்குத் தொந்தரவு தொடங்கியது இதனால்தான். கவட்டையில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்காமல் விட்டால் இந்தத் தொடர்பு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

புராஸ்டேட் மாத்திரை உங்களுக்குப் பலன் தராததில் வியப்பில்லை. அந்த மாத்திரைகள் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையைத் தளர்த்துபவை. தழும்பில் தளர்த்துவதற்குத் தசை இல்லை. முப்பது வயதையொட்டிய ஓர் ஆணுக்குச் சிறுநீர் மெலிந்து வந்தால் புராஸ்டேட் வீக்கத்தைவிடப் பாதைச் சுருக்கத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நெருஞ்சில், சிறுபீளைக் குடிநீர் குடித்துப் பார்த்தவர்களும் என்னிடம் வருவதுண்டு. வாயால் உட்கொள்ளும் எந்த மருந்தும், அது எந்த வைத்திய முறையைச் சேர்ந்ததானாலும், ஒருமுறை நாராகிவிட்ட தழும்பைக் கரைப்பதில்லை.

இனி, கம்பி விடுவது ஏன் நிலைப்பதில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் ஏழெட்டு ஆண்டுகள் இதில்தான் கழிந்திருக்கின்றன. உலோகக் கம்பியைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கிச் செலுத்தும்போது சுருங்கிய இடம் விரிகிறது, பல சமயங்களில் கிழியவும் செய்கிறது. கிழிந்த இடம் மறுபடியும் ஆற வேண்டும், ஆறும்போது மறுபடியும் தழும்பு உண்டாகும். அகநோக்கிக் கருவியின் வழியே பார்த்தபடியே தழும்பைக் கத்தியால் கீறிவிடும் முறையை 1970-களில் ஜெர்மனியின் மருத்துவர் சாக்ஸே பரவலாக்கினார். கண்மூடித்தனமாகக் கம்பி விடுவதைவிட அது பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கீறலும் ஒரு காயமே. கத்திக்குப் பதில் லேசரால் கீறினாலும் நீண்ட கால முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. லேசர் என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் இருக்கும் மதிப்புக்கு, இந்த நோயைப் பொறுத்தவரை, அது தகுதியானதில்லை.

இதற்காகக் கீறல் சிகிச்சையே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கவட்டைப் பகுதியில், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, இதுவரை யாரும் கை வைக்காத சுருக்கமாக இருந்தால், முதல் தடவை கீறிப் பார்ப்பது நியாயமான முடிவுதான். சிலருக்கு அதோடு தீர்ந்தும் விடுகிறது. சுருக்கம் திரும்பி வந்த பிறகு அதையே இரண்டாவது, மூன்றாவது முறை செய்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு முறையும் பலன் நீடிக்கும் காலம் குறைகிறது. தழும்பு நீளவும் ஆழமாகவும் கூடும், பின்னால் செய்யப்போகும் சீரமைப்பையும் அது சிக்கலாக்குகிறது. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும், திரும்பி வந்த சுருக்கத்துக்கு மீண்டும் மீண்டும் கீறுவதைவிடச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையை நோயாளிக்கு முன்வைக்குமாறு கூறுகிறது. பிரிட்டனில் இதே நோய்க்கு இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுக் காலத்தில் இரு தரப்பாருக்கும் தொந்தரவு குறைந்திருந்தது. ஆனால் சீரமைப்பு செய்துகொண்டவர்களுக்கு மறு சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது.

வீட்டில் நீங்களே டியூப் விட்டுக்கொள்ளும் யோசனைக்கும் ஓர் இடம் உண்டு. வயது முதிர்ந்தவர்கள், இதய நோயால் மயக்க மருந்து தாங்காதவர்கள், அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்தவர்கள் ஆகியோருக்கு அது பயன்படும். அது சுருக்கத்தைக் குணப்படுத்துவதில்லை, மூடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். 36 வயதில், வேறு நோய் எதையும் குறிப்பிடாத ஒருவருக்கு, சீரமைப்பைப் பற்றிய பேச்சே இல்லாமல் இதை ஆயுள் ஏற்பாடாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தரங்க உறுப்பின் நோய் என்பதால் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கம்பியிலேயே ஓட்டிவிட்டு, சிறுநீரகம் பழுதான பிறகு வருகிறவர்களைப் பார்ப்பது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

பரிசோதனைகளுக்கு வருவோம். முதலாவது, யூரோஃப்ளோ. வயிறு முட்டச் சிறுநீர் சேர்ந்த பிறகு ஒரு கருவியின் புனலில் கழிக்கச் சொல்வார்கள், அது நொடிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று கோடு வரைந்து காட்டும். உங்கள் வயதில் உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பெரும்பாலும் 20-க்கு மேலேயே இருக்கும். அந்தக் கோடு ஆரோக்கியமானவருக்குக் கோபுரம் போல எழுந்து இறங்கும், சுருக்கம் உள்ளவருக்குத் தாழ எழுந்து தட்டையாக நீண்டுகொண்டே போகும். 150 மில்லிக்குக் குறைவாகக் கழித்தால் அளவீட்டை நம்ப முடியாது என்பதால் அவசரப்படாமல் நன்றாக முட்டிய பிறகே செல்லுங்கள். அதையடுத்து, பையில் எவ்வளவு தங்குகிறது, பைச்சுவர் தடித்திருக்கிறதா, சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், சர்க்கரையும், சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனையும் அவசியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆர்.ஜி.யு. எனப்படும் சாயப் படம். எக்ஸ்ரே மேசையில் உங்களைச் சற்றே ஒருக்களித்துப் படுக்க வைத்து, கீழ்ப்புறக் காலை மடக்கச் சொல்லி, ஆணுறுப்பின் நுனி வழியே சாயத்தை மெதுவாகச் செலுத்தியபடியே படம் எடுப்பார்கள். சிறிது எரிச்சல் இருக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தில் சாயம் பட்டையாக வந்து, ஓரிடத்தில் திடீரென்று நூலாக மெலிந்து, மறுபடி அகல்வதை உங்கள் கண்ணாலேயே காணலாம். சுருக்கத்துக்குப் பின்னால் உள்ள பகுதியை அறிய, பையைச் சாயத்தால் நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போது இன்னொரு படம் எடுப்பார்கள். உடலைச் சாய்க்காமல் நேராகப் படுக்க வைத்து எடுத்தால் கவட்டை வளைவு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சுருக்கத்தின் நீளம் குறைவாகத் தெரியும். எனவே படத்தின் தரத்தையும் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அண்மையில் கம்பி விட்டிருந்தால் பாதை செயற்கையாக விரிந்திருக்கும், படம் உண்மையைக் காட்டாது. குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம், இயன்றால் அதற்கும் மேல், கம்பியோ டியூபோ படாமல் பாதைக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் படம் எடுக்க வேண்டும். அதற்குள் அடைத்துக்கொள்ளும் நிலை வந்தால், அடிவயிற்றில் சிறு துளையிட்டுச் சிறுநீர்ப்பைக்குள் நேராக ஒரு குழாய் வைத்து, பாதையைத் தொடாமலேயே சிறுநீரை வெளியேற்றலாம். வயிற்றில் குழாய் என்றதும் நோயாளிகள் கலங்கிவிடுகிறார்கள். சில வாரங்களுக்கான தற்காலிக ஏற்பாடு அது.

சுருக்கம் குட்டையாக இருந்தால், தழும்புப் பகுதியை அகற்றிவிட்டு நல்ல முனைகள் இரண்டையும் இணைத்துத் தைத்துவிடுவது நெடுங்காலமாகச் சிறந்த பலன் தரும் முறை. தேர்ந்த கைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பாதை திறந்தே இருக்கிறது. நீளமாக இருந்தால் இரு முனைகளையும் இழுத்து இணைக்க இயலாது. அப்போதுதான் வாய்ச் சவ்வு தேவைப்படுகிறது. கன்னத்தின் உட்புறத்திலிருந்து ஒரு பட்டை சவ்வை எடுத்து, சுருங்கிய பாதையை நீளவாக்கில் பிளந்து, அந்தப் பிளவில் ஒட்டுப் போட்டு அகலப்படுத்துகிறார்கள். வாய்ச் சவ்வைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அது எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது, முடி முளைக்காது, உறுதியானது, அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால் வைத்த இடத்தில் விரைவில் உயிர் பிடித்துக்கொள்ளும். 1941-இல் ஹம்பி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பிறவிக் குறை ஒன்றைச் சீர்செய்ய வாய்ச் சவ்வைப் பயன்படுத்தியிருக்கிறார். 1990-களில் இம்முறை மீண்டும் உயிர்பெற்று, 1996-இல் இத்தாலிய மருத்துவர் பார்பக்லி, சவ்வைப் பாதையின் மேற்புறத்தில் பரப்பித் தைக்கும் உத்தியை வெளியிட்டார். பாதையை ஒரு பக்கமாக மட்டும் பிரித்து, மறுபக்கத்து ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றும் முறையைப் புனேயின் டாக்டர் சஞ்சய் குல்கர்னி 2009-இல் வெளியிட்டார். உலகெங்கும் இன்று கையாளப்படும் உத்திகளில் ஒன்று நம் நாட்டிலிருந்து போயிருக்கிறது என்பதை நோயாளிகள் அறிந்திருப்பது நல்லது.

கன்னம் சில நாட்களுக்கு எரியும். முதலில் நீராகாரம், பிறகு தயிர்ச்சாதம், இட்லி போன்ற மென்மையான உணவு, காரம் வேண்டாம். வாய் இறுக்கமாக இருப்பதாகச் சில வாரங்கள் தோன்றும், வாயைத் திறந்து மூடும் பயிற்சியில் அது சரியாகும். நீங்கள் புகையிலை, பான் மசாலா, பாக்குப் பொட்டலங்கள் போடுகிறவரானால் அதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கன்னச் சவ்வே நாராகி வெளுத்துப் போயிருக்கும், அதை எடுத்து வைப்பதில் பயனில்லை, நாக்கின் அடிப்புறச் சவ்வைத் தேட வேண்டியிருக்கும். எப்படியிருந்தாலும் பழக்கத்தை இன்றே நிறுத்துவது காயம் ஆறுவதற்கும் உதவும்.

ஆண்மை பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். விறைப்பை உண்டாக்குபவை ஆணுறுப்பின் மேற்புறம் அருகருகே ஓடும் இரண்டு திசுத் தூண்கள். சிறுநீர்ப் பாதை அவற்றுக்குக் கீழே தனியாகச் செல்கிறது, அறுவைச் சிகிச்சையில் அந்தத் தூண்களை வெட்டுவதில்லை. கவட்டைப் பகுதியில் சீரமைப்பு செய்துகொண்டவர்களில் சிலருக்கு முதல் சில மாதங்கள் விறைப்பு குறைவது உண்மை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதங்களுக்குள் அது மீண்டுவிடுகிறது, நிரந்தர இழப்பு அரிது. அரிது என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இடுப்பெலும்பு முறிந்து பாதை அறுந்தவர்களுக்கு அந்த விபத்திலேயே நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கும், உறவினர்கள் கேள்விப்பட்டது அத்தகைய ஒருவரைப் பற்றியதாகவும் இருக்கலாம். உங்களுக்கு நேர்ந்தது அதுவல்ல. சிகிச்சைக்கு முன்பே உங்கள் தாம்பத்தியத்தின் நிலையை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பதிவு செய்துவிடுங்கள், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

குழந்தை விஷயத்தில் நீங்கள் இந்த நோயை ஒரு காரணமாகச் சந்தேகிப்பது பொருத்தமானதே. விந்து வெளியேறுவதும் இதே பாதை வழியாகத்தான். சுருக்கம் இருந்தால் அது பின்னாலேயே தேங்கி, வேகமின்றிக் கசிகிறது. மேலும், அடிக்கடி கிருமித்தொற்று வந்து விதையின் பின்புறக் குழாய்களைத் தாக்கினால் அங்கும் அடைப்பு உண்டாகலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கான பரிசோதனைகளையும் தள்ளிப்போடாமல் கூடவே தொடங்கிவிடுவது நல்லது, எல்லாப் பழியையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. சுருக்கத்தை உள்ளிருந்து விரிப்பதற்கான, புற்றுநோய் மருந்து பூசிய பலூன் ஒன்று 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது, குட்டையான சுருக்கம் திரும்பி வந்தவர்களுக்கு அது பயன்படுத்தப்படுகிறது. அந்த மருந்து சில காலம் விந்தில் கலந்திருக்கும் என்பதால் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். யாராவது அதைப் பரிந்துரைத்தால் இதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். கரூர் வெயிலில், இயந்திர வெப்பத்தில் வேலை செய்யும் நீங்கள் தண்ணீரைக் குறைத்தால், ஏற்கெனவே தேங்கி நிற்கும் சிறுநீர் மேலும் அடர்ந்து, கிருமிக்கும் கல்லுக்கும் இடம் கொடுக்கும். ஒரேயடியாக ஒரு லிட்டர் குடிக்காமல், சிறிது சிறிதாகப் பிரித்துக் குடியுங்கள், முட்டும்வரை அடக்காதீர்கள். கழித்து முடித்த பின் கவட்டையை விரலால் முன்னோக்கி மெல்ல அழுத்தி நீவினால் பாதையில் தங்கிய மிச்சம் வெளியேறும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விதைப்பையில் வீக்கமும் வலியும், கவட்டையில் கட்டி, சொட்டுக்கூட வராத அடைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே முதல் வார்த்தையாக, “எனக்குச் சிறுநீர்ப் பாதையில் சுருக்கம் இருக்கிறது, டியூபை அழுத்தி ஏற்ற வேண்டாம்” என்று சொல்லுங்கள். தெரியாமல் அழுத்தினால் தவறான வழியில் துளை விழுந்து புதிய காயம் உண்டாகும்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுவும் மனத்தில் இருக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் சிறுநீரகவியல் துறைகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கு சென்றாலும் அறுவைச் சிகிச்சை செய்யப்போகிறவரிடம், பாதைச் சீரமைப்பைத் தாம் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எல்லாச் சிறுநீரகவியல் நிபுணர்களும் இதை வழக்கமாகச் செய்பவர்கள் அல்லர். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள் அனைத்தையும், தேதி வரிசைப்படி அடுக்கி, கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு லேசர் சிகிச்சைகளின்போதும் சுருக்கம் எந்த இடத்தில் இருந்தது என்ற குறிப்பு அவற்றில் இருக்கும்.

சிகிச்சை முடிந்ததும் டியூபுடன் இரண்டு மூன்று வாரம் இருக்க வேண்டும், அதை எடுக்கும் முன் சாயம் செலுத்தித் தையல் ஆறியதா என்று பார்ப்பார்கள். மூன்று மாதம் பைக், சைக்கிள் ஓட்டுவதையும் கனமான பொருள் தூக்குவதையும் தவிர்த்து, நிறுவனத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் மூன்று மாதத்தில் ஒன்று, ஓராண்டில் ஒன்று என்று யூரோஃப்ளோ செய்து அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். வேகம் குறைந்தால் உடலுக்குத் தெரிவதற்கு முன்பே அதில் தெரிந்துவிடும். படம் எடுத்த பிறகு சுருக்கத்தின் நீளமும் இடமும் தெரிந்ததும் மீண்டும் எழுதுங்கள், இணைப்பா ஒட்டா என்பது பற்றி அப்போது திட்டவட்டமாகப் பேச முடியும்.